சுல்தானுக்குப் போன பங்கு

செய்னுலாப்தீன் ஹாஜியார் முதலை வளர்க்கிறார் என்பது தெரியாத ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், அவர் அன்று காலையில்தான் பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியவராக இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும், கருவாட்டு லொறிக்காரர்களுக்குத் தெரியும், கனமூலையிலிருந்து வந்துபோகும் அவருடைய சம்பந்திமாருக்கும் தெரியும். ஆனால் அந்த முதலை மபாஸாவின் புருஷன் நௌஃபரின் காலைக் கவ்வியதும் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் மறதி பிடித்துவிட்டது. முதலையா? எந்த முதலை? ஹாஜியாரின் பண்ணையிலா? வல்லாஹி, நாங்கள் கண்டதே இல்லை.

மபாஸா மறக்கவில்லை. அவள் மறக்கிற பிறவியும் அல்ல. கல்யாணத்தன்று தன் சாப்பாட்டுத் தட்டில் முட்டை வைக்காமல் போனவள் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் பெயரோடு சொல்வாள்.

முதலை வந்த கதை பெரிய இரகசியமில்லை. ஒரு மார்கழி வெள்ளத்தில் முழங்கை நீளக் குஞ்சாக அது ஹாஜியாரின் இறால் பண்ணைக்குள் அடித்து வரப்பட்டது. வேலையாட்கள் தடியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஹாஜியார் தடுத்தார். நோய் விழுந்து கைவிட்ட பழைய இறால் தொட்டி ஒன்று, கடல்நீர் ஏறி இறங்கும் களப்புப் பக்கமாகச் சும்மா கிடந்தது. அதைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, குஞ்சை உள்ளே விட்டு, சுல்தான் என்று பெயரும் வைத்தார். இறால் கள்ளர்கள் அந்தத் தொட்டியோரமாகத்தான் வருவார்கள். சுல்தான் ஆள் நீளத்துக்கு வளர்ந்த பிறகு ஒருத்தனும் வரவில்லை, காவற்காரனின் சம்பளமும் மிச்சமாயிற்று.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கரைக்கு வந்து, தகர வாளியைக் கரண்டியால் தட்டி, "சுல்தான், வா மகன்" என்பார். சுல்தான் வரும். விருந்தாளிகள் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். "என்ட குரலுக்கு மட்டும்தான் வருவான்" என்று ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்துவார். அவர் பெற்ற ஆண்பிள்ளைகள் இருவரும் கட்டாரில் இருந்தார்கள். அவர் கூப்பிட்டு அவர்கள் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

பிரதேச சபை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முந்திய வருஷமே ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாக அறிவித்திருந்தது. முதலை, சிறுத்தை, கரடி, மலைப்பாம்பு முதலான ஆபத்தான காட்டு விலங்குகளை எவரும் வீட்டிலோ காணியிலோ வைத்திருக்கக் கூடாது. தீனி போட்டு இடம் கொடுப்பவர் எவரோ அவரே அதன் உடையவர், அது செய்யும் கேட்டுக்கும் அவரே பொறுப்பு. உடையவர் இல்லாத விலங்கை வனசீவராசித் திணைக்களம் பிடித்துக்கொண்டு போகும். ஓட்டோ பண்ணை வாசலுக்கு வந்தபோது ஹாஜியார் அதை நிறுத்தி, "இதச் சுல்தானுக்கு வாசிச்சுக் காட்டுங்க தம்பி, அவன் சரியெண்டா எனக்கும் சரிதான்" என்றாராம். அன்றைக்கு அதுதான் ஊரின் பெரிய பகிடி.

அந்தப் பழைய தொட்டியின் தண்ணீர் ஒரு மதகு வழியாக வாய்க்காலில் விழுந்து களப்புக்குப் போகும். வாய் திறக்கும் அந்த இடத்தில் மீன் கூடும். மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த காலம் தொட்டு நௌஃபரின் வாப்பா அங்கேதான் வலை வீசினார், அவருக்குப் பிறகு நௌஃபர். மதகடியில் கம்பி வலை பிய்ந்து கிடப்பதைக் கண்டு பண்ணை வேலையாட்களிடம் சொன்னதும் நௌஃபர்தான். "பாப்பம், பாப்பம்" என்றார்கள். சுல்தான் அவர்களுக்கு முந்திப் பார்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நௌஃபரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவன் கண்விழித்து ஆட்களை அடையாளம் காணத் தொடங்கிய நேரம் ஹாஜியார் ஒரு பை அப்பிளோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"கத்ர், மகன். எல்லாம் அல்லாஹ்ட ஏற்பாடு. பொறுமையா இருங்க."

"ஹாஜியார், மதகடியில வலை பிஞ்சி கிடந்தது, இவர் சொல்லியும்..." என்று மபாஸா தொடங்கினாள்.

"எந்த வலை, புள்ள? அது களப்புல இருந்து வந்த பிராணி. அதுக்கும் எனக்கும் என்ன?" என்றார் அவர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கால் போன மறுநாளே அவருடைய ஆட்கள் மதகடி வலையைச் சரிக்கட்டியிருந்தார்கள். இல்லாத முதலைக்கு எதற்கு வலை என்று ஊரில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் மபாஸா அழுது தீர்த்திருப்பாளோ என்னவோ. மனிதர் விடவில்லை. அடுத்த ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளுச் செய்கிற இடத்தில் யாரோ நௌஃபரின் கதையை எடுத்தபோது ஹாஜியார் சொன்னார்: "விடியக் காத்தால நல்லவனுக்கு என்ட மதகடியில என்ன வேல? இறால் பிடிக்க வந்தவன முதல பிடிச்சிட்டு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் இன்னொன்றும் போட்டார்: "அகதியா வந்ததுகளுக்கு இடம் குடுத்தா இப்பிடித்தான்."

மதகடியில் பிடித்ததெல்லாம் பொதுக் களப்பின் மீன். ஆனால் பகிடிக்குக் கால் உண்டு, நௌஃபருக்கு ஒன்றுதான். பகிடி தில்லையடிக் கடைவரை நடந்தது. வாடியில் மபாஸாவோடு கருவாடு காயப்போடும் பெண்கள் அவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நௌஃபர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். கால் இல்லாததால் அல்ல. ஊன்றுகோலோடு அவன் போன முதல் நாள், பின்னால் நின்ற யாரோ "செருப்பக் கவனமா வைங்கடா" என்றார்களாம்.

அன்றைக்குத்தான் மபாஸா முடிவெடுத்தாள். நஷ்டஈடு என்ற சொல்லை அவள் வாயில் எடுக்கவே இல்லை. செய்னுலாப்தீன் ஹாஜியார் தன் வாயால், சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால், அந்த முதலை என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை இந்த உயிர் போகாது என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

சபைக்குப் போனாள். சாள்ஸ் என்ற உத்தியோகத்தர், சிலாபம் பக்கத்து ஆள், கதிரை போட்டு உட்கார வைத்துக் கேட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய கையாலாகாத்தனமும் அவரிடம் இருந்தது.

"சட்டம் இருக்கு தங்கச்சி. ஆனா அவர்தான் தீனி போட்டு வளக்கிறார் எண்டு ஆராவது சொல்லோணுமே. வேலையாக்கள் தெரியாது எண்டுறாங்க. அக்கம்பக்கம் களப்பு முதல எண்டுது."

"படம் எடுத்தவங்க எத்தின பேர், சேர்!"

"கேட்டுப் பாத்தன். எல்லாரும் அழிச்சிட்டாங்களாம்."

"அப்ப?"

"பெருநாள் முடிய வனசீவராசி ஆக்களோட வந்து அந்த இடத்திலேயே விசாரிப்பன். ஊரையும் கூப்பிடுவன். ஒருத்தரும் உரிமை சொல்லாட்டி, உடையவர் இல்லாத விலங்கு எண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்க. ஊருக்கும் நிம்மதி."

ஊருக்கு நிம்மதி. மபாஸா அந்த இரண்டு சொல்லையும் வீடுவரை மென்றுகொண்டே வந்தாள். முதலை யாருடையதும் இல்லை என்று எழுதி லொறியில் ஏற்றினால், நௌஃபர் சாகும்வரை இறால் கள்ளன். அவன் பிள்ளைகள் இறால் கள்ளன் பிள்ளைகள்.

இதற்குள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஹாஜியார் வீட்டில் வழக்கம்போலப் பெரிய மாடு அறுத்துக் குர்பான். தனக்கொரு பங்கு, சொந்தத்துக்கொரு பங்கு, ஏழைகளுக்கொரு பங்கு என்று பிரித்து, ஏழைகளின் பங்கைப் பைபையாகக் கட்டி வீடுவீடாக அனுப்பினார். அதில் ஒரு பை மபாஸாவின் வாசலுக்கும் வந்தது. காலைத் தின்னக் கொடுத்தவர் கறிக்கு இறைச்சி அனுப்புகிறார்! அவருக்கு அது வாய்ப்பூட்டு. ஊருக்கு அது பெருந்தன்மை. மபாஸாவுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது.

"வீசப் போறன்" என்றாள்.

"விசர்க் கத கதைக்காத. குர்பான் இறைச்சியத் திருப்பவும் கூடாது, வீசவும் கூடாது" என்றான் நௌஃபர் கட்டிலிலிருந்து. பாவம், அவனுக்கு இறைச்சி வாசம் பட்டுப் பல நாள். "ஆக்கு, புள்ள. இறைச்சி என்ன செஞ்சிச்சு?"

"இந்த அடுப்புல அது வேகாது. ஜுனைதா ராத்தா வீட்டுக்குக் குடுத்திட்டு வாறன்."

ஜுனைதா ராத்தாவின் வீடு இடப்பக்கம். மபாஸா வலப்பக்கம் திரும்பினாள். போகும்போது கோடிப்புறத்தில் சாத்திக் கிடந்த நௌஃபரின் துடுப்பையும் எடுத்துக்கொண்டாள். இனி அதை அவன் பிடிக்கப் போவதில்லை.

மதிய ளுஹர் தொழுகை முடிந்து பண்ணையில் எல்லோரும் பெருநாள் சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்த நேரம். கண்டல் மரங்களுக்குள்ளால் நடந்து மதகடிக்கு வந்தவள் திகைத்து நின்றாள். சரிக்கட்டின வலை களப்புப் பக்கமாக அறுத்து விடப்பட்டிருந்தது. வாசல் வைத்ததுபோல அகலமாக. உள்ளே தொட்டிக்கரையில் தகர வாளி கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் சிலந்தி வலை. அவளுக்கு விளங்கிவிட்டது. விசாரணை வருகிறதென்று தெரிந்து மனிதர் தீனியை நிறுத்தியிருக்கிறார், கதவையும் திறந்து வைத்திருக்கிறார். பசி தாங்காமல் சுல்தான் களப்புக்குள் போய்விட்டால் விசாரணைக்கு முதலையே இல்லை. நூறு குடும்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற களப்பு அது. இன்னும் யார் யாருடைய கால் போகும் என்பது அவருக்கு ஒரு கணக்கே அல்ல.

"போக விட மாட்டன்" என்று மபாஸா சத்தமாகவே சொன்னாள். இறாலைப் போட்டுத்தானே சுறாவைப் பிடிப்பார்கள்!

மதகின் கொங்கிறீட்டில் ஏறி நின்று துடுப்பின் தட்டையால் தண்ணீரில் அடித்தாள். ஒன்று, இன்னொன்று. அக்கரையில் கட்டையென்று நினைத்திருந்தது கட்டையல்ல. அது தண்ணீரில் இறங்கியது, அவளை நோக்கி வந்தது. அதைக் கண்டதும் பயத்தை மீறி அவளுக்குள் எரிந்தது வெறுப்பு. இந்த வாய்தான். இந்தப் பற்கள்தான். துடுப்பைத் தலையில் இறக்கினால் என்ன என்று கை துடித்தது. துடிப்பை அடக்கிக்கொண்டு பையை அவிழ்த்து ஒரு துண்டை எறிந்தாள்.

"தின்னு" என்றாள். "தின்னு கள்ளா. உன்ட எசமான் அனுப்பினதுதான்."

குர்பான் இறைச்சியை முதலைக்குப் போட்டது பாவமா என்று அன்றிரவு தொழுகைப் பாயில் இருந்து யோசித்தாள். பாவம்தான் என்று தோன்றியது. மறுமையில் கேட்கட்டும், காலைக் காட்டிப் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று பாயைச் சுருட்டிவிட்டுப் படுத்தாள்.

அதற்குப் பிறகு, பண்ணை மதியத் தூக்கத்தில் கிடக்கிற நேரம் பார்த்து, ஒரு பகல் தவறவில்லை. வாடியில் வெட்டி ஒதுக்கும் மீன் தலை, குடல் எல்லாம் அவள் கூடைக்குப் போயின. மதகில் ஏறுவாள், துடுப்பால் தண்ணீரில் அடிப்பாள், "வா கள்ளா" என்பாள். முதலில் அது யோசித்து வந்தது. பிறகு அடிக்க முந்தியே வந்து காத்துக் கிடந்தது. வேலிக்கு வெளியே களப்பு முழுவதும் திறந்து கிடந்தும் அது போகவில்லை. இருந்த இடத்தில் வயிறு நிறைந்தால் முதலையென்ன, மனிதனே போகமாட்டான். தன் புருஷனின் காலைத் தின்றதைத் தன் கையால் ஊட்டி வளர்ப்பது எப்படியிருந்தது என்று பிற்பாடு ஜுனைதா ராத்தா கேட்டாள். "பால் குடுத்த மாதிரி இல்ல ராத்தா. பொறி கட்டின மாதிரி இருந்திச்சு" என்றாள் மபாஸா.

விசாரணை நாளன்று மதகடியில் பெருநாள் திடல்போலக் கூட்டம். வனசீவராசி ஆட்கள் கயிறும் வலையும் லொறியுமாக வந்திருந்தார்கள். ஹாஜியார் வெள்ளைச் சாரமும் அத்தர் மணமுமாகக் குடை பிடித்து நின்றார். வுளுச் செய்த இடத்தில் சிரித்த முகங்கள் எல்லாம் அவரைச் சுற்றி இருந்தன. மபாஸா ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டாள். நௌஃபர் வரவில்லை. வா என்று அவள் கூப்பிடவும் இல்லை.

சாள்ஸ் சபையின் விதியை உரக்க வாசித்தார். வாசித்து முடித்துக் கேட்டார்: "இந்த முதலைக்கு ஆராவது உடையவர் இருக்கிறீங்களா? ஹாஜியார், காணி உங்கட."

"காணி என்டதான் சேர். என்ட காணியில பாம்பும் கிடக்கு, கீரியும் கிடக்கு. அதெல்லாம் நானா வளக்கிறன்?" கூட்டம் சிரித்தது. உற்சாகம் பிறந்து அவர் இன்னும் நிமிர்ந்தார். "முதலைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அப்பிடி ஒண்டு இஞ்ச இருக்கோ எண்டதே எனக்குச் சந்தேகம். களப்புல இருந்து வந்திருக்கும், களப்புக்கே போயிருக்கும்."

"வேற ஆருக்கும் உரிமை இருக்கா?" என்று சாள்ஸ் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"இருக்கு சேர்" என்றாள் மபாஸா. "அது என்ட முதல."

சிரிப்பு குபீரென்று எழுந்தது. கால் போன துக்கத்தில் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஹாஜியார்கூடச் சிரித்தார். மபாஸா யாரையும் பார்க்காமல் மதகில் ஏறினாள். துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அறைந்தாள்.

"வா கள்ளா. வா."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண்டல் நிழலில் தண்ணீர் பிளந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்கள் மேல் விழுந்தார்கள். கூட்டத்தையும் லொறியையும் சட்டை செய்யாமல் அது நேரே அவள் காலடிக்கு வந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் கூடையிலிருந்து ஒரு மீன் தலையைப் போட்டாள். வாய் மூடித் திறந்தது.

"எப்ப இருந்து தங்கச்சி இது?" சாள்ஸ் ஓரடி பின்வாங்கிக் கேட்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாள்ல இருந்து சேர். முதல் தீன் இறைச்சி. ஹாஜியார் வீட்டுல இருந்து எங்களுக்கு வந்த குர்பான் பங்கு." அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அத எங்களால சாப்பிட ஏலாமப் போச்சு. முந்தியே ருசி கண்டவன் தின்னட்டும் எண்டு போட்டன். அதுல இருந்து நான்தான் தீன் போடுறன். சட்டத்துப்படி என்டதானே?"

அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஹாஜியாரின் குடை சாய்ந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மபாஸாவை அல்ல. அவளுடைய காலடியில் வாயைத் திறந்து கிடந்ததை. அவருக்கு மட்டும் வருகிறவன், அவரிருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேரெல்லாம் வச்சிருக்கன் சேர்" என்றாள் மபாஸா. இன்னொரு மீன் தலையை எடுத்தாள். "கள்ளன். மத்தவன்ட காலக் களவெடுத்தவனுக்கு வேற என்ன பேர் வைக்கிற? கள்ளா, இஞ்ச பார். பிச்சக்காரக் கள்ளா. வேற நாதியில்லாத கள்ளா. வா, வாயத் திற."

"அப்பிடிச் சொல்லாத!"

ஹாஜியாரா கத்தியது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

"கள்ளனாம் கள்ளன்! அவன் சுல்தான்! முழங்கை நீளக் குஞ்சில இருந்து என்ட கையால வளத்த புள்ள அவன்! உன்ட புளுத்த மீன் தலைக்கு..." குடையை எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடினார். கவிழ்ந்து கிடந்த வாளியைத் தூக்கிக் கரண்டி தேடினார், கிடைக்காமல் வெறுங்கையால் அறைந்தார். "சுல்தான்! வா மகன்! இஞ்ச வா!"

சுல்தான் மீன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹாஜியாரின் கை வாளியின் மேல் நின்றுவிட்டது. என்ன சொன்னோம், எங்கே சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் முகத்தில் இறங்கியது.

"ஹாஜியார்" என்றார் சாள்ஸ் மெதுவாக. "ஆர் வளத்தது?"

அவர் பக்கத்திலிருந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பகிடிக்குக் கூட நிற்பவர்கள் வழக்குக்குக் கூட நிற்பதில்லை.

"நான்தான்."

"கேக்கல்ல" என்றாள் மபாஸா மதகிலிருந்து. "பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கச் சொல்லுங்க."

"நான்தான்! என்ட முதல!"

"வலை?"

"பிஞ்சி கிடந்தது."

"என்ட மனுசன்?"

வாய் கூசியது அவருக்கு. அவள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை.

"அவர்... மீன் பிடிக்க வந்தவர்."

"கள்ளனா?"

"இல்ல" என்றார் ஹாஜியார். "கள்ளன் இல்ல."

மபாஸாவுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், பிள்ளை பெற்ற நாளில்கூட அவளுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி இருந்ததில்லை. சாள்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு, சட்டப்படி தீனி போட்ட இரண்டு பேருமே உடையவர்தான், அவளுடைய பெயரும் வழக்கில் வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "போடுங்க சேர். அவர்ட பேருக்குக் கீழ போடுங்க. மேல வேணாம்" என்றாள் அவள்.

சுல்தானின் வாயைக் கட்டி, கண்ணைச் சாக்கால் மூடி, லொறியில் ஏற்றினார்கள். கயிறு இறுகியபோது ஹாஜியார், "பைய, பைய, இடப்பக்கத் தாடையில நோவு இருக்கு" என்று வனசீவராசி ஆட்களிடம் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டு லொறியின் பின்னாலேயே நடந்தார். யாரும் அவருக்குக் குடை பிடிக்கவில்லை.

நௌஃபரிடம் கதை அவளுக்கு முந்தியே வந்துவிட்டது. அவன் சந்தோஷப்படவில்லை. "குர்பான் இறைச்சிய அதுக்கா போட்டா?" என்றான். "என்ட துடுப்பாலயா கூப்பிட்டா?" பிறகு ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான், முதல் வரிசையில் கதிரை போட்டுத் தொழுதான், ஒருவனும் செருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து, "இதோட விடு மபாஸா. அந்த மனுசன் படுக்கையில விழுந்திட்டாராம். போதும்" என்றான்.

போதுமா இல்லையா என்பதை மபாஸா தானே பார்த்து வரலாம் என்று நினைத்தாள். பாலாவிக்குப் போய் ஒரு பை அப்பிள் வாங்கினாள்.

ஹாஜியார் விறாந்தையில் சாய்கதிரையில் கிடந்தார். அத்தர் மணம் இல்லை. பக்கத்தில் அந்தத் தகர வாளி இருந்தது. அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"கத்ர், ஹாஜியார்" என்றாள் மபாஸா. "எல்லாம் அல்லாஹ்ட ஏற்பாடு. பொறுமையா இருங்க."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஆனால் அவர் அப்பிளையும் பார்க்கவில்லை, சொன்ன சொல்லையும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"புள்ள... அண்டைக்கு, பெருநாளைக்கு... அவன் நல்லாத் திண்டானா?"

மபாஸா ஒரு கணம் தடுமாறினாள். ஒரே ஒரு கணம்.

"ஓம் ஹாஜியார். எலும்பும் மிச்சம் வைக்கல்ல. பசியில கிடந்திச்சு பாவம். நீங்கதானே பட்டினி போட்டிருந்தீங்க."

ஹாஜியாரின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. முதலைக் கண்ணீர் என்று ஊரில் சொல்வார்கள். இது முதலைக்காக வந்த கண்ணீர், கலப்படமில்லாத அசல். அதைப் பார்த்து அவள் மனம் இரங்கவில்லை. இரங்க வேண்டிய இடத்தில் வேறொன்று மூண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற அதே முகம், அன்றைக்கு எவ்வளவு காய்ந்து கிடந்தது!

"அழுவீங்கதானா ஹாஜியார் நீங்க?" என்றாள். குரல் அவளை மீறி உடைந்தது. "என்ட மனுசன்ட கால வெட்டி எடுத்த அண்டைக்கு வந்து நிண்டீங்களே. அப்ப இதுல ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டிருந்தா, உங்கட சுல்தான் இண்டைக்கும் உங்களுக்கிட்டத்தான் இருந்திருப்பான்."

மபாஸா அப்பிள் பையை அவருடைய வாளிக்குள் வைத்துவிட்டுப் படியிறங்கி நடந்தாள்.